அச்சுத் தொழில் கட்டிய ஹாஸ்டல்

ஹாஸ்டல்னா நாலு சுவரும் இரும்புக் கட்டிலும்தானா நண்பர்களே? ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் செயின்ட் லியோனார்ட்ஸ் ஹால் என்று ஒன்று உண்டு. விக்டோரியா ராணி காலத்தில், 1869-70ல், தாமஸ் நெல்சன் என்ற பதிப்பாளருக்காக ஜான் லெசல்ஸ் கட்டிய வீடு. பார்த்தால் கோட்டைதான்!

மெக்கானிக்கல் பசங்க இந்த நெல்சனைத் தெரிஞ்சுக்கணும். நம்ம ஷேப்பர் மெஷினில் திரும்பி வரும் ஸ்ட்ரோக் வெட்டாது, நேரம் வீண். முன்னும் பின்னும் போய்வரும் தட்டை அச்சு இயந்திரத்திலும் அதே தொல்லை. நெல்சன் 1850ல் அச்சுத் தகட்டை வளைத்து உருளையில் பொருத்தினார். காகிதம் சுருளிலிருந்து நிற்காமல் ஓடியது. 1851ல் லண்டன் கண்காட்சியில் மாதிரியையும் வைத்தார். பேட்டன்ட் மட்டும் எடுக்கவில்லை. (எனக்கு மனசு ஆறவில்லை.)

முதல் உலகப் போரில் அந்த வீடு செஞ்சிலுவை மருத்துவமனை. 1925 முதல் பெண்கள் பள்ளி. ரொனால்ட் சியர்லின் 'செயின்ட் டிரினியன்ஸ்' கார்ட்டூனுக்குப் பெயர் கிடைத்தது அங்கேதான். பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மாணவியர் விடுதி. ஆனால் ஒரு குடும்பத்துக்குக் கட்டியதில் எத்தனை பேர் தங்குவது? 1960களில் சுற்றிலும் புது விடுதிகள் எழுந்தன. பழைய வீட்டை இடிக்கவில்லை. இப்போது அங்கே படுக்கையில்லை. கூட்டமும் விருந்தும் நடக்கின்றன.