கம்பி எண்ணுகிறவரின் எம்.இ.

என் நண்பர் பகலெல்லாம் கம்பி எண்ணுகிறார். பதறாதீர்கள், ஸைட் இன்ஜினீயர்! கான்கிரீட் கொட்டுமுன் கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது உத்தியோகம். ராத்திரி பத்து மணிக்கு என்.பி.டெல்.லில் ஐ.ஐ.டி. புரொபஸரின் பாடம், இலவசமாக. பத்தரைக்குக் குறட்டை, புரொபஸர் மட்டும் நடத்திக் கொண்டிருப்பார்.

ஆனால் பிரமோஷனுக்குப் பட்டம் வேண்டுமே! ‘ஆன்லைன்லயே ஸ்ட்ரக்சுரல் எம்.இ. தர்றாங்களாம். பணம் கட்டிடவாய்யா?’ என்றார். என் பி.காம். மூளைக்கே பொறி தட்டியது. ‘கட்டாதேய்யா!’ என்றேன். சில நிகர்நிலைப் பல்கலைகள் தபால் வழியில் கொடுத்த இன்ஜினீயரிங் பட்டங்களில் 2017-ல் சுப்ரீம் கோர்ட்டே கை வைத்தது. யு.ஜி.சி.யின் 2020 விதிகளிலும் ஆன்லைன் இன்ஜினீயரிங் பட்டத்துக்கு இடமில்லை. (ஐ.ஐ.டி.க்களுக்குத் தனிச் சட்டம். அது வேறு கதை.)

இப்போது பார்ட் டைம் எம்.இ. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்கிறார். மூன்று வருஷம், சாயந்தர வகுப்பு. ‘சாயந்தரம் கான்கிரீட் போட்டா என்ன பண்ணுவீங்க?’ என்கிறார் மனைவி. நண்பர் இன்னும் பதில் சொல்லவில்லை.