போத்தலில் பழம் தொங்குது... உள்ளே எவ்வளவு பழம் இருக்கு? லேபல் சொல்லும் கதை!

யாழ்ப்பாணம்: வெயில் மண்டையைப் பிளக்குது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஒரு கிளாஸ் கோடியல். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒரு கிளாஸ். கோயில் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். பழம் தானே, உடம்புக்கு நல்லது என்று நினைத்து ஊற்றிக் கொடுக்கிறோம். ஆனால் போத்தலில் படமாக இருக்கிற பழம், போத்தலுக்குள்ளும் இருக்கா?

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. போத்தலைத் திருப்பி லேபலைப் பார்த்தால் போதும். அதற்கு முதல், இந்தச் சரக்கு எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும்.

தண்ணீருக்கு ஏன் கப்பல் கூலி?

பழச்சாறில் பெரும்பகுதி தண்ணீர் தான். அதை அப்படியே கப்பலில் ஏற்றினால் தண்ணீருக்குத் தான் கூலி கொடுக்க வேண்டும். அதனால் சாறைச் சூடாக்கி, தண்ணீரை ஆவியாக்கி, பாணி மாதிரி ஆக்குகிறார்கள். இதற்குப் பெயர் 'செறிவு'. கொன்சன்ட்ரேட் என்று சொல்வதும் இதைத்தான். தோடம்பழச் செறிவில் 100 கிராமுக்கு 65 கிராம் வரை சீனியும் மற்றக் கரைபொருட்களும் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ தண்ணீர் விட்டால்தான் பழையபடி சாறு ஆகும்.

உலகத்தில் தோடம்பழச் சாறு அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில். மாம்பழக் கூழுக்குப் பெயர் போனது இந்தியா. தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரியும் ஆந்திராவின் சித்தூரும் அதன் முக்கிய இடங்கள். பீப்பாய்களில் வரும் இந்தச் சரக்கை வாங்கி, தண்ணீரும் சீனியும் சேர்த்துப் போத்தலில் அடைப்பது தான் உள்ளூர்க் கம்பனிகளின் வேலை. அதனால் 'இலங்கைத் தயாரிப்பு' என்று இருந்தாலும், உள்ளே இருக்கும் பழம் கடல் தாண்டி வந்ததாக இருக்கலாம். அது குற்றம் இல்லை. எவ்வளவு பழம் என்பது தான் கேள்வி.

2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தொட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சின்ன நாடு, சின்னச் சந்தை. டொலர் ஏறினால் இறக்குமதிச் சரக்கு எல்லாம் ஏறும். பழச்சாறு விலை கூடின சாமான். நிறமும் மணமும் மலிவு. மீதியை வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்.

துறைமுகத்தில் என்ன நடக்குது?

உணவுப் பொருட்களுக்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கு. சுங்கத்தோடு சேர்த்து சுகாதார அமைச்சின் உணவுப் பரிசோதகர்களும் சரக்கைப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்புவார்கள். வந்து இறங்கும்போது காலாவதிக்கு இன்னும் 60 சதவீத காலமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது ஒரு விதி. அதாவது 10 மாதம் தாங்கும் சாமான் என்றால், நாட்டுக்குள் வரும்போது குறைந்தது 6 மாதம் இருக்க வேணும்.

வெளிநாட்டுப் போத்தல் என்றால் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி எல்லாம் லேபலில் இருக்க வேண்டும். அது இல்லாத போத்தலைக் குடித்து வயிறு கெட்டால் யாரைப் போய்க் கேட்பது?

லேபலில் எதைப் பார்ப்பது?

முதலாவது, சேர்மானப் பட்டியல். எது நிறையக் கூடவோ அது முதலில் வரும். 'தண்ணீர், சீனி, மாம்பழக் கூழ்' என்று இருந்தால் சீனியை விட மாம்பழம் குறைவு என்று அர்த்தம். பழம் பட்டியலின் வாலில் நின்றால் அது பேருக்குப் பழம்.

இரண்டாவது, பெயர். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ்படி 'ஜூஸ்' என்றால் முழுக்கச் சாறு. 'நெக்டர்' என்றால் தண்ணீர், சீனி கலந்தது. தோடம்பழ நெக்டரில் பாதியாவது பழம் வேண்டும், மாம்பழத்துக்கு 25 சதவீதம் போதும். 'டிரிங்க்' என்றால் அதைவிடக் குறைவாக இருக்கலாம். 'பிளேவர்' என்றால் மணம் மட்டும் தான் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, இலக்கங்கள். 102, 110 என்பவை மஞ்சள், செம்மஞ்சள் நிறமூட்டிகள். 211, 202 பழுதாகாமல் வைப்பவை. 220 முதல் 228 வரை சல்பைட் வகை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. 950, 951, 955 என்பவை செயற்கை இனிப்பு. இவை அனுமதிக்கப்பட்டவை தான். ஆனால் குடிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிவப்பா, மஞ்சளா, பச்சையா?

வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும் வழி ஒன்று இருக்கு. 2016 ஓகஸ்ட் 1 முதல் மென்பானங்களுக்கு நிற அடையாளம் கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். 2 கிராமுக்குக் கீழே பச்சை. பச்சையைக் கண்டு ஓடி வாங்காமல், அதில் செயற்கை இனிப்பு இருக்கா என்றும் பார்ப்பது நல்லது.

கோடியலில் தான் வில்லங்கம். அது கலந்து குடிக்கிற சாமான். கலக்கும் கை யாருடையது?

கணக்கைப் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 50 கிராம் சீனி உள்ள கோடியல் என்று வைப்போம். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டால், 200 மில்லிலீற்றர் கிளாஸில் 20 கிராம் சீனி. அது நாலு தேக்கரண்டி. 'பிள்ளைக்கு ருசி வேணும்' என்று இரண்டு பங்கு தண்ணீர் மட்டும் விட்டால், அதே கிளாஸில் 33 கிராம். ஆறரைக் கரண்டிக்கு மேலே! மஞ்சளில் நிற்க வேண்டியது சிவப்புக்குப் போய்விடும்.

வளர்ந்த ஒருவருக்கே ஒரு நாளைக்கு சேர்க்கும் சீனி 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழச்சாறில் இயற்கையாக உள்ள சீனியும் இதில் சேர்த்தி. பச்சைப் பிள்ளைக்கு எவ்வளவு குறைய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைக்காரருக்கும் எச்சரிக்கை

திகதி முடிந்த போத்தல் கடைத் தட்டில் இருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடுவது கடைக்காரர் மேல் தான். மொத்த வியாபாரி தந்தது என்று நீதவானிடம் சொன்னால் எடுபடாது. திகதியை அழித்து அடித்திருந்தால், ஸ்டிக்கருக்கு மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் சரக்கை எடுக்க வேண்டாம். விலை குறைவு என்று ஆசைப்பட்டால் தண்டப்பணத்தில் லாபமெல்லாம் போய்விடும். பில்லைக் கட்டாயம் வாங்கி வைக்க வேண்டும்.

வாங்கினவருக்குச் சந்தேகம் வந்தால் போத்தலை எறியாதீர்கள். பில்லோடு வைத்துக் கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். அல்லது பக்கத்தில் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முறையிடலாம்.

ஒன்றும் முடியாவிட்டால், வளவில் நிற்கும் மரத்தில் ஒரு தேசிக்காயைப் பிடுங்கிப் பிழிந்து, அளவாகச் சீனி போட்டுக் கொடுங்கள். அதுக்கு லேபலும் வேண்டாம், டொலரும் வேண்டாம்!