உங்களுக்குத் தெரியுமா? பிக்காச்சு திரிந்த கான்டோ நிஜ இடம்தான்!

டோக்கியோ விடுதி அறையில் டிவியைப் போட்டால் வானிலை அறிக்கையில் ‘கான்டோ’ என்று காதில் விழும். போக்கிமான் விளையாடி வளர்ந்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும்; பிக்காச்சு வரும் அந்த விளையாட்டின் களத்துக்கும் அதே பெயர்தானே! கற்பனைப் பெயரே அல்ல அது. டோக்கியோவும் சைத்தாமா, சிபா, கனகாவா உள்ளிட்ட ஆறு மாகாணங்களும் சேர்ந்த நிலப்பகுதி. 1923-இல் ஒரு லட்சம் பேருக்கு மேல் பலிகொண்ட பூகம்பத்துக்கே ‘கான்டோ பெரும் பூகம்பம்’ என்றுதான் பெயர்!

போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி, டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் பூச்சி பிடித்துத் திரிந்த சிறுவன். 1996-இல் வந்த முதல் விளையாட்டின் களத்துக்குச் சொந்த மண்ணின் பெயரே நிலைத்ததில் ஆச்சரியமில்லை. பின்னால் வந்த பகுதிகளில் அந்தத் துணிச்சல் இல்லை: கியூஷு தீவு ‘ஹோயென்’ ஆனது, ஹொக்கைடோ ‘சின்னோ’ ஆனது.

பப்ஜி பிள்ளைகளே, உங்கள் விளையாட்டிலும் அப்படி ஒரு நிஜ ஊர்ப் பெயர் உண்டு. இறங்கியதும் சுட்டுத்தள்ளுவீர்களே, அந்தப் போச்சின்கி! ரஷ்யாவின் நிஸ்னி நோவ்கொரோத் மாகாணத்தில் அதே பெயரில் ஒரு ஊர் இருக்கிறது; ஒரு மாவட்டத்துக்கே தலைமையிடம்.