திறந்த சந்தையும் இந்தியத் தொலைத்தொடர்புக் கைத்தொழிலும்

தொலைத்தொடர்புக் கைத்தொழில் என்னுந் தொடரினுள் இரு தொழில்கள் அடங்கிக் கிடக்கின்றன. ஒன்று கருவிகளை ஆக்குந் தொழில். மற்றையது அக்கருவிகளைக் கொண்டு மக்களைப் பேசவைக்குஞ் சேவைத் தொழில். ஒரு நாடு தன் சந்தையை உலக வர்த்தகத்துக்குத் திறந்துவிடுங்கால் இவ்விரண்டும் ஒருங்கே வளரும் என்பாரும் உளர். ஒருங்கே அழியும் என்பாரும் உளர். இந்தியாவின் அநுபவம் இருதிறத்தார் கூற்றுக்கும் மாறாக உள்ளது. அங்கே சேவை செழித்தது, ஆக்கந் தேய்ந்தது. இரண்டற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

சுதந்திர இந்தியாவின் முதலாவது அரசாங்கக் கைத்தொழில் நிறுவனம் 1948 ஆம் ஆண்டிலே பெங்களூரில் நிறுவப்பட்ட இந்தியன் ரெலிபோன் இண்டஸ்ரீஸ் ஆகும். அது செய்தவற்றை அரசாங்கத் திணைக்களம் வாங்கிற்று. போட்டியாளர் இலர், ஆகவே விரைந்து செய்யவேண்டிய தேவையும் இலதாயிற்று. விளைவு யாதெனில், 1994 இல் நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 80 இலட்சந் தொலைபேசி இணைப்புக்களே இருந்தன. 25 இலட்சம் பேர் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தனர். நூறு பேருக்கு 0.8 இணைப்பு என்பது அன்றைய நிலை. உலகச் சராசரியோ 10. பாதுகாக்கப்பட்ட காலத்தைப் பொற்காலமென்று போற்றுவோர் இவ்வெண்களை மறந்துவிடுதல் தகாது.

எனினும் அக்காலத்தில் ஓர் அரிய முயற்சியும் நிகழ்ந்தது. 1984 ஆம் ஆண்டிலே சாம் பித்திரோடாவின் வழிகாட்டலில் சி-டொட் என்னும் ஆராய்ச்சி நிலையந் தோன்றிற்று. முப்பத்தாறு மாதமும் முப்பத்தாறு கோடி ரூபாவும் அதற்கு வரையறுக்கப்பட்டன. மேலைநாட்டு இலக்கமுறை இணைப்பகங்கள் பெரு நகரங்களுக்கென அமைந்தவை. குளிரூட்டிய அறையன்றி இயங்கமாட்டா. இந்தியக் கிராமத்திலோ வெயிலும் புழுதியும் மிகுதி. மின்சாரம் எப்போது நின்றுபோகும் என்று கூறமுடியாது. இவற்றையெல்லாந் தாங்கும்படி, குளிரூட்டி வேண்டாத 128 வழிச் சிற்றிணைப்பகம் ஒன்றை அந்நிலையத்தார் வகுத்தனர். அது 1986 இல் கர்நாடகத்துக் கிட்டூரிலே முதன்முதல் இயங்கலாயிற்று. அவ்வமைப்பைப் பல ஆலைகளுக்குங் கொடுத்து அவற்றையே செய்யவைத்தமை இன்னுஞ் சிறப்பு. நகரங்களுக்கான பேரிணைப்பகம் மாத்திரங் குறித்த தவணையில் முற்றுப்பெறவில்லை. அக்குறையே பின்னர் பிறநாட்டுக் கம்பனிகளுக்கு வாயிலாயிற்று.

1991 இல் கருவி உற்பத்திக்கிருந்த அனுமதிப்பத்திரக் கட்டுப்பாடு நீங்கிற்று. 1994 ஆம் ஆண்டுக் கொள்கை அடிப்படைத் தொலைபேசிச் சேவையையுந் தனியாருக்குத் திறந்தது. 1997 இல் இந்தியா தகவற் றொழினுட்பப் பொருள்கள் பற்றிய சருவதேச ஒப்பந்தத்திற் சேர்ந்தது. அதன்படி குறித்த பொருள்களின் இறக்குமதித் தீர்வை படிப்படியாகக் குறைந்து 2005 அளவில் அற்றொழிந்தது.

சேவைக் கம்பனிகள் அனுமதிப்பத்திரத்துக்காகப் பெருந்தொகைகளை ஏலங்கூறிப் பின் கொடுக்கமாட்டாது இடர்ப்பட்டன. அதனால் 1999 இல் நிலையான கட்டணத்துக்குப் பதிலாக வருமானத்தில் ஒரு பங்கைச் செலுத்தும் முறை வந்தது. கடன்சுமை மிக்க இக்கம்பனிகள் மலிவாகவும் தவணைக்கடனிலுங் கருவி தருவோரை நாடின. அவை கையாண்ட ஜி.எஸ்.எம். முறை ஐரோப்பாவிலே பிறந்தது. அதன் காப்புரிமைகள் பிறநாட்டார் கையில் இருந்தன. இந்திய ஆலைகள் கம்பிவழித் தொலைபேசிக்குரிய இணைப்பகங்களில் வல்லவை; வானலைவழிச் சேவைக்கு வேண்டிய கருவி அவற்றிடம் இல்லை. வெளிநாட்டுக் கருவி தீர்வையுமின்றி வந்திறங்கியபோது அவை கற்றுக்கொள்வதற்கு அவகாசமுங் கிடைக்கவில்லை.

அம்மலிவே சேவையை வளர்த்தது. தொடக்கத்தில் நிமிடமொன்றுக்கு 16 ரூபா வரை அறவிடப்பட்டது. வந்த அழைப்பை ஏற்றவரும் 2003 வரை பணங் கொடுக்கவேண்டியிருந்தது. பின்னர் கட்டணம் ஒரு ரூபாவுக்குங் கீழே இறங்கிற்று. இன்று இணைப்புக்கள் 110 கோடிக்கு மேற்பட்டன. வண்டிக்காரன் கையிலுந் தொலைபேசி இருப்பது சிறு நன்மையன்று. ஆனால் பெங்களூர் நிறுவனமோ ஆண்டுதோறும் நட்டமடைந்து, 2014 இல் 4,000 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட அரசாங்க உதவியை வேண்டி நின்றது.

நாட்டினுள் ஆலை இருத்தல் வேறு, அறிவு இருத்தல் வேறு. தமிழ்நாட்டு ஸ்ரீபெரும்புதூரில் 2006 இல் தொடங்கிய நொக்கியா ஆலை கோடிக்கணக்கான கையடக்கத் தொலைபேசிகளைச் செய்தது. 2014 இல் அது மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் தொழிலிழந்தனர். கருவியின் வடிவமைப்பு அவ்வாலையிற் பிறந்ததன்று. ஆகவே அங்கே எஞ்சியவை கட்டிடமும் பொருத்துவோரின் கைப்பழக்கமுமே.

இந்தியா பின்னர் வழி மாற முயன்றது. கையடக்கத் தொலைபேசிக்கு 2017 இல் விதித்த தீர்வை 2018 இல் 20 வீதமாயிற்று; 2024 இல் 15 வீதமாகக் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் யப்பானும் தாய்வானும் 2019 இல் உலக வர்த்தக நிறுவனத்தில் முறையிட்டன. பழைய ஒப்பந்தம் புதுக்கருவிகளைக் கட்டுப்படுத்தாது என இந்தியா வாதிட்டது. 2023 ஏப்பிரலில் வந்த தீர்ப்பு அதனை ஏற்கவில்லை.

2025 செத்தெம்பரில் அரசாங்கக் கம்பனியாகிய பி.எஸ்.என்.எல்., இந்தியாவிலேயே வகுத்த கருவிகளைக் கொண்டு நாலாந் தலைமுறைச் சேவையைத் தொடங்கியது. அதன் நடுவண் பகுதியை அமைத்தது பழைய சி-டொட். தனியார் கம்பனிகள் ஐந்தாந் தலைமுறைச் சேவையைத் தொடங்கி அப்போது மூன்றாண்டாகிவிட்டது. கருவிகளை வாங்கியவரும், 1948 இற் போலவே, அரசாங்கத்தினரே.