கரிக்குள்ளே ஓடும் கடிகாரம்! கீழடி வயசு சொன்ன பிளஸ்-2 கணக்கு

வீரசோழன்:

வீரசோழன், திருச்சுழி வட்டாரத்தில் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு கரி எடுக்கிறார்கள். அந்தக் கரிக்குள் ஒரு கடிகாரம் ஓடுவது பலருக்குத் தெரியாது.

மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றில் இருந்து கார்பன்-14 உள்ளே போகும். வெட்டியதும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும்தான். 5,730 வருஷத்தில் பாதி காலி. இதுதான் அரை ஆயுட்காலம்.

அப்படியானால் 11,460 வருஷத்தில் மொத்தமும் காலியா? அதுதான் இல்லை! மிச்சத்தில்தான் பாதி குறையும். கால் பங்கு அப்படியே நிற்கும். பரீட்சையில் மார்க் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

கணக்கு எப்படி?

0.693-ஐ 5,730-ஆல் வகுத்தால் 0.000121. இது வேக மாறிலி. 100 பங்கில் 73 மிச்சம் என்று வைத்துக்கொண்டால், 100/73-ன் மடக்கை 0.1367. இதை 2.303-ஆல் பெருக்கி, வேக மாறிலியால் வகுத்தால் சுமார் 2,600 வருஷம்.

பக்கத்து சிவகங்கை மாவட்டம் கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி, அமெரிக்காவின் மியாமி ஆய்வகத்துக்குப் போனது. அதன் காலம் கி.மு. 580 என்று தமிழக தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. காற்றில் கார்பன்-14 எல்லா காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதனால் மர வளையங்களோடு ஒப்பிட்டு, திருத்தித்தான் ஆண்டு சொல்வார்கள்.

கீழடியின் காலம் பற்றி 2025-லும் சர்ச்சை கிளம்பியது. பேசுவது யாராக இருந்தாலும், முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது இந்த கணக்கைத்தான்.