பயிரை மேய்ந்த வேலி



விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் திருச்சுழிக்கோ நரிக்குடிக்கோ பேருந்தில் பயணம் செய்திருப்பீர்கள். சாலையின் இரு மருங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு பச்சை நிறம் உங்களுடன் ஓடி வந்திருக்கும். மழை பொய்த்த ஆண்டிலும் அந்தப் பச்சை மாறுவதில்லை. கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் விளையும் கரிசல் சீமை இவ்வளவு செழிப்பாக இருக்கிறதே என்று வெளியூர்க்காரர் ஒருவர் மகிழ்ந்து போனால் அவரைக் குறை சொல்ல இயலாது. இறங்கி நடந்து பார்த்தால்தான் உண்மை விளங்கும். பல இடங்களில் அங்கே வெள்ளாமையும் இல்லை, பல மரங்கள் கூடிய தோப்பும் இல்லை. ஒரே மரம்தான் ஆயிரம் ஆயிரமாக நிற்கிறது. அதுதான் சீமைக் கருவேலம்.

வேலிக்கருவை என்றும் வேலிக்காத்தான் என்றும் மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். வேலியைக் காக்க வந்தது என்பது பொருள். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நம் முன்னோர் சொல்வார்களே, அந்தப் பழமொழி இந்த மரத்துக்கென்றே பிறந்தது போலத் தோன்றுகிறது. ஓர் உயிரினம் பிற உயிரினங்களோடு எவ்வாறு போட்டியிடுகிறது, எவ்வாறு வெல்கிறது என்பதை அறிய நாம் அமேசான் காடுகளுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊர்க் கண்மாய்க்கரையே போதும்.

ஒரே இலையில் இருவர்

1934-ஆம் ஆண்டு சோவியத் நாட்டு விஞ்ஞானி கௌஸ் என்பவர் தம் பரிசோதனைகளை நூலாக வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாத பாரமீசியம் என்னும் உயிரியில் இரண்டு இனங்களை ஒரே கண்ணாடிக் குழாயில் விட்டு, ஒரே உணவைக் கொடுத்தார். தனித்தனியே வைத்தபோது இரண்டுமே நன்றாகப் பெருகின. சேர்த்து வைத்தபோது ஓரினம் நிலைத்தது, மற்றோரினம் சில நாள்களில் அடியோடு அழிந்தது. பிறகு வேறோர் இனத்தைச் சேர்த்துப் பார்த்தார். அது குழாயின் அடியில் தங்கி அங்குள்ள உணவை உண்டது. மற்றது மேலே மிதப்பதை உண்டது. இம்முறை இரண்டுமே பிழைத்தன. ஒரே இலையில் இருவர் உண்ண நேர்ந்தால் ஒருவர் எழுந்து போக வேண்டி வரும். பந்தியில் ஆளுக்கோர் இலை இருந்தால் சண்டை இல்லை.

இந்த இரண்டாவது நிலைக்கு நம் மாவட்டத்திலேயே அழகான எடுத்துக்காட்டு உண்டு. திருவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் 1988-ஆம் ஆண்டு சாம்பல் நிற அணிலுக்கென ஒரு சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. 2021-இல் அது மேகமலையோடு இணைக்கப்பட்டுப் புலிகள் காப்பகமாயிற்று. அங்கே இரண்டு வகைப் பெரிய அணில்கள் வாழ்கின்றன. சாம்பல் நிற அணில் பெரும்பாலும் கீழே, ஓடைக்கரையில் கிளையோடு கிளை பின்னி நிற்கும் மாமரங்களிலும் புளிய மரங்களிலும் கூடு கட்டுகிறது. செந்நிற மலபார் அணில் பெரும்பாலும் உயரமான சரிவுக் காடுகளில் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம், உணவிலும் ஒற்றுமை மிகுதி. ஆயினும் மலையை மாடிவீடு போலப் பகிர்ந்து கொண்டு காலம் தள்ளுகின்றன.

மலையில் நிலவும் இந்தப் பங்கீடு, அறுபது எழுபது கிலோமீட்டர் கிழக்கே கரிசல் சமவெளியில் ஏன் குலைந்தது? அங்கேயும் கருவேலம், வெள்வேலம், குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம், வேம்பு, வன்னி எனப் பல மரங்கள் நெடுங்காலம் ஒன்றையொன்று சகித்து வாழ்ந்து வந்தனவே!

மரத்தின் ஆயுதங்கள்

சீமைக் கருவேலத்தின் தாயகம் மெக்சிகோ, கரீபியன் தீவுகள், மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை. அங்கே அதன் விதையைத் துளைக்கும் வண்டுகளும் இலையைத் தின்னும் பூச்சிகளும் அதனோடு கூடவே வளர்ந்தவை. நம் நாட்டுக்கு விதை மட்டும் வந்தது. அந்தப் பகைவர்களில் பெரும்பாலோர் வரவில்லை.

அதன் வேர் பக்கவாட்டிலும் ஓடும், ஆழத்திலும் இறங்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சுரங்கம் ஒன்றைத் தோண்டியபோது இதன் உறவு மரமொன்றின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது என்பது தாவரவியலார் அடிக்கடி எடுத்துச் சொல்லும் செய்தி. உதிரும் இலைகளிலிருந்து கசியும் சில வேதிப்பொருள்கள் மண்ணில் பிற விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன. வெட்டினாலும் சாவதில்லை, ஒரு மரத்தை வெட்டினால் தூரிலிருந்து ஐந்தாறு கிளைகள் சிலிர்த்துக்கொண்டு எழும். பயறு குடும்பத்தைச் சேர்ந்தது ஆகையால் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்த்துத் தனக்குத் தானே உரமும் இட்டுக் கொள்கிறது.

ஆனால் இதன் மீது சுமத்தப்படும் எல்லாப் பழியும் உண்மையன்று. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மேகத்தை விரட்டி விடுகிறது என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அதற்கு அறிவியல் சான்று கிடையாது. அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்பதும் அப்படியே. உண்மையான குற்றங்களே போதுமான அளவு இருக்கும்போது பொய்க் குற்றங்களைச் சேர்ப்பானேன்?

இங்கே வன்னி மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வன்னியும் சீமைக் கருவேலமும் நெடுங்காலம் தாவரவியலார் ஒரே பேரினத்தில் வைத்திருந்த நெருங்கிய உறவுகள். ராஜஸ்தான் விவசாயி தன் கம்பங்கொல்லையின் நடுவே வன்னியை வளர விடுகிறார். அதன் நிழலில் பயிர் கெடுவதில்லை. நம் குடும்பங்களில் வளைகுடாவுக்குச் சென்று வந்தவர்களுக்கு இந்த மரம் புதிதன்று. அங்கே அரபியர் ‘காஃப்’ என்று அழைப்பது இதைத்தான். ஐக்கிய அரபு அமீரகம் 2008-ஆம் ஆண்டு இதைத் தேசிய மரமாக அறிவித்தது. 2019-ஐச் சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது சின்னமாக வைத்ததும் இதே மரம். அதே அமீரகத்தில் சீமைக் கருவேலமும் பாலை மண்ணில் பரவித் தொல்லை தருகிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் இவ்விரு மரங்களின் அடியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காஃப் மரத்தடியில் பலவகைச் செடிகள் வளர்ந்திருந்தன. சீமைக் கருவேலத்தின் அடியில் அவை அருகியிருந்தன. உறவுமுறை ஒன்று, குணம் வேறு!

ஆயுதம் மட்டும் வெல்லுமா?

இவ்வளவு ஆயுதங்கள் இருந்தும், உழுது விதைத்த புஞ்சைக்குள் சீமைக் கருவேலம் நுழைந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். ஆண்டுதோறும் ஏர் ஓடும் நிலத்தில் அதன் கன்று ஒரு போகம்கூடத் தாங்காது. அடர்ந்த நிழலுள்ள வேப்பந்தோப்பிலும் அதன் முளை வெயில் கிடைக்காமல் நலிந்துவிடும். ஆகவே அது வலியவன் வீட்டைப் பிடுங்கிக் கொண்டது என்பதைவிட, காலியான வீட்டில் குடியேறியது என்பதே பொருத்தம். வீட்டைக் காலி செய்தவர் யார் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதற்கண், விதையை வரவழைத்தவர் யார்? காமராசர் காலத்தில் கொண்டு வந்தார்கள் என்று அவர் பிறந்த விருதுநகரிலேயே சொல்வார்கள். மதராஸ் மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் என்பவர் இந்த மரத்தின் விதையை வரவழைக்கக் கோரி எழுதியது 1876-இல். 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். காமராசர் பிறந்ததோ 1903-இல்! பிற்காலத்தில் விறகுப் பஞ்சத்தைப் போக்க இதைப் பரப்பினார்கள் என்பது மெய். அன்று அடுப்பெரிக்க வழியில்லாத ஏழைத் தாய்மார்களுக்கு அது பேருதவியாக இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அடுத்து, ஆடு. இந்த மரத்தின் இலையை ஆடு விரும்பாது. வெள்வேலம், உடை ஆகியவற்றின் தழையையோ தேடித் தேடித் தின்னும். ஆனால் இதன் நெற்று இனிப்பானது. அதை ஆடும் மாடும் ஆசையோடு மெல்லும். கடின ஓடுள்ள விதை வயிற்றில் செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் கண்மாய் வரை போய் விழுந்து, எரு சூழ முளைக்கும். எதிரியின் கன்றுகளை மேய்வதும் இதன் விதையை விதைப்பதும் ஒரே ஆடு. போட்டி இரண்டு மரங்களுக்கிடையே நடப்பதாக நாம் எண்ணுகிறோம்; நடுவில் நம் வீட்டு வெள்ளாடு நின்று ஒரு பக்கமாகத் தராசைச் சாய்த்துக் கொண்டிருக்கிறது!

மூன்றாவது, தரிசு. இப்பகுதி மானாவாரி பூமி. மழை தவறினால் பிழைப்புக்கு வேறு வழி வேண்டும். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்த தீப்பெட்டித் தொழிலும், அதைத் தொடர்ந்த பட்டாசும் அந்த வழியைக் காட்டின. தீக்குச்சி உலரவும் மருந்து காயவும் எந்த வறட்சி உதவியதோ, அதே வறட்சிதான் இந்த மரத்துக்கும் ஒத்துப்போயிற்று. விடியுமுன் ஊருக்குள் வந்து நிற்கும் ஆலைப் பேருந்தில் ஏறிப் போனவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். களையெடுத்துக் கிடைக்காத கூலி வேட்டுக்கட்டில் கிடைத்தது. ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற புஞ்சை இரண்டு ஆண்டு சும்மா கிடந்தால் போதும்; மூன்றாம் ஆண்டு உள்ளே மனிதர் நுழைய முடியாது. தூர்வாராத கண்மாய்களும் வைப்பாற்றின் ஓடைகளும் இப்படியே அடைபட்டன.

வெட்டியும் வளர்ந்த கதை

2017-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்றுமாறு கடுமையான ஆணைகளைப் பிறப்பித்தது. ஊரெங்கும் பொக்லைன் இயந்திரங்கள் உறுமின. ஆராயாமல் அகற்றக்கூடாது என்று வேறு சிலர் அதே ஆண்டில் நீதிமன்றம் செல்ல, இடைக்காலத் தடையும் பிறந்தது. 2022-இல் தமிழக அரசு அன்னியத் தாவரங்களைக் குறித்துத் தனிக் கொள்கையே வெளியிட்டது. வெட்டிய இடத்தில் நாட்டு மரங்களை மீட்டெடுக்க வேண்டும் என்பது அதில் உள்ள நல்ல அம்சம். 2017-இல் பல ஊர்களில் விடுபட்டது அதுதான். மரம் போயிற்று, இடம் காலியாகவே கிடந்தது, அடுத்த மழைக்கு மண்ணில் புதைந்திருந்த விதைகள் எழுந்து கொண்டன.

இன்னொரு தரப்பையும் நினைக்க வேண்டும். நரிக்குடி, திருச்சுழிப் பக்கமும் அதையொட்டிய இராமநாதபுரம் சீமையிலும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. மரத்தை வெட்டித் துண்டாக்கி அடுக்கி, வைக்கோலும் ஈர மண்ணும் போர்த்தி, உள்ளே தீயிடுவார்கள். பல நாள்கள் அது கனன்று வேக வேண்டும். எங்கேனும் மண் விரிந்து காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். ஆகவே ஆணும் பெண்ணும் இரவெல்லாம் மாறி மாறிக் காவல் காப்பார்கள். வேறு விளைச்சலே இல்லாத கோடையில் கையில் காசைக் காட்டுவது இந்த மூட்டம்தான். மரத்தை ஒரே நாளில் ஒழிப்போம் என்பவர்கள் இவர்களுடைய அடுப்புக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று இதுவரை நான் கேட்கவில்லை. இவர்களையே கொண்டு பகுதி பகுதியாகத் தூரோடு எடுத்து, கரியாக்கி, எடுத்த இடத்தில் கன்று நட்டு வளர்க்கச் செய்தால், கூலியும் கிடைக்கும், நிலமும் மீளும் என்பது என் எண்ணம்.

நம் ஜமாஅத்துகளின் பொறுப்பிலுள்ள மையவாடிகள் பலவும் இந்த முள் மண்டிக் கிடக்கின்றன. அடக்கம் செய்யச் செல்பவர்கள் முள் குத்திக் கால் வீங்கித் திரும்புவது அரிதன்று. நிர்வாகிகள் மரத்தை ஏலம் விடுகிறார்கள். வெட்டிய தொகை வரவில் ஏறுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மறுபடி ஏலத்துக்கு மரம் தயார்! ஏலம் எடுப்பவர் தரையோடு வெட்டிச் செல்வதால் வரும் வினை இது. தளிர் விடும் மொட்டுகள் தூரின் கழுத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. மழை பெய்து மண் இளகிய பின், ஓர் அடி ஆழம் வரை தோண்டித் தூரை எடுக்க வேண்டும் என்று ஏல நிபந்தனையிலேயே எழுதி விடுங்கள். அந்த வரவில் ஒரு பகுதியைக் கன்றுக்கும் வேலிக்கும் ஒதுக்குங்கள். வேம்பும் புங்கனும் வளர்ந்து நிழல் கட்டும் வரை ஆடு உள்ளே வரக்கூடாது. அடுத்த சில ஆண்டுகள், மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளை இளசிலேயே கையால் பிடுங்கிவிட வேண்டும். சிறுவர்கள் ஒரு காலைப் பொழுதில் செய்து விடக்கூடிய வேலை இது.

அவர்களை அனுப்புமுன் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். வெட்டும் ஆவேசத்தில் நம் நாட்டுக் கருவேலமும் சேர்ந்து வெட்டுப்படுவதுண்டு. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் பந்து போல் உருண்டையாக இருக்கும். காய், மணிகளைக் கோத்தது போல இடைக்கிடை ஒடுங்கியிருக்கும். முள் நீண்டு வெண்மையாக இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ வெளிறிய மஞ்சளில் பூனை வாலைப் போல நீண்டு தொங்கும், பழுத்த நெற்று மஞ்சளாக, இடை ஒடுங்காமல் நீண்டிருக்கும், வாயிலிட்டால் இனிக்கும். கண்மாய் நீரில் பல நாள் நின்றாலும் தாங்கக்கூடியது நாட்டுக் கருவேலம். அதன் கன்றைக் கண்டால் சுற்றிலும் நாலு முள்ளை ஊன்றி விட்டு வாருங்கள். முள்ளுக்குத்தான் அங்கே பஞ்சமில்லையே!