மை மிச்சமும் கண் நட்டமும்

சிக்கனமும் நாணயமும் கூட்டுறவின் இரு கண்கள் என்பதை அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். சிக்கன நாணயச் சங்கம் என்றே பெயர் பூண்ட சங்கங்கள் நம்மிடையே பல உண்டு. நூல் வீணாகாமல் நெய்வதும், விதை சிந்தாமல் விதைப்பதும் நமக்குப் புதியன அல்ல. ஆயினும், செலவில் குறைத்ததெல்லாம் சிக்கனம் ஆகிவிடாது. எதைக் குறைத்தோம், அதனால் யார் எதை இழந்தார் என்று பார்த்த பின்னரே அதனை வரவில் எழுத வேண்டும். இந்த உண்மையை, சிறு பொருளாகிய அச்சு மையைக் கொண்டு இங்கு ஆராய முற்படுகிறோம்.

கையால் எழுதிய பேரேடுகளின் இடத்தைக் கணிப்பொறி பிடித்து வருகின்றது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடித் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. கணிப்பொறி வந்தால் பிரிண்டரும் வரும்; பிரிண்டர் வந்தால் டோனர் செலவும் உடன் வரும். கடன் கணக்கு, கெடு அறிவிப்பு, பேரவைக் கூட்ட அழைப்பு, தணிக்கை அறிக்கை ஆகிய யாவும் இன்று அதன் வாயிலிருந்தே வெளிவருகின்றன. ஆதலால், டோனரைக் குறைக்க வழி தேடும் செயலாளரைக் குறை கூற இயலாது.

அனுமன் நதி சிற்றாற்றோடு கூடும் வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அச்சுச் செலவு முந்திய ஆண்டைக் காட்டிலும் குறைந்திருந்தது. காரணம் கேட்டோம். “லதா எழுத்தில் 12 புள்ளியில் அடித்துக்கொண்டிருந்தோம், ஐயா. இப்போது விஜயா எழுத்தில் 10 புள்ளிக்கு மாற்றிவிட்டோம். மையும் குறைவு, தாளும் குறைவு” என்றார் செயலாளர். அவர் முகத்தில் பெருமிதம் தெரிந்தது. நாமும் பாராட்டினோம்.

அன்று பிற்பகலிலேயே நம் பாராட்டுக்குப் பதில் கிடைத்தது. வாழை பயிரிட ரூ. 80,000 கடன் பெற்றிருந்த முதிய விவசாயி ஒருவர் பணத்துடன் வந்தார். தமிழ்நாட்டில், கெடு தவறாமல் திருப்பிச் செலுத்துவோருக்குப் பயிர்க்கடனில் வட்டி இல்லை என்பது அங்கத்தினர்கள் அறிந்ததே. ஆனால், அவருக்குரிய கெடு 13-ஆம் தேதி. அவர் வந்ததோ 18-ஆம் தேதி. மடியிலிருந்து அறிவிப்பை எடுத்து நீட்டினார். மங்கிய சிறு எழுத்தில் 3 என்பது 8 போலவே தோன்றியது. நமக்கே தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

“அண்ணாச்சி, யாரிடமாவது காட்டிக் கேட்டிருக்கலாமே” என்றோம்.

“எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஐயா. எழுத்தாகத் தெரிந்தால் அல்லவா கூட்டுவேன்? இந்தச் சங்கத்தில் இத்தனை வருஷம் ஒரு கெடுவும் தவறினதில்லை” என்றார் அவர். நமக்கு விடை கூறத் தோன்றவில்லை.

கணக்கைச் சற்றே போட்டுப் பார்ப்போம். ஒரு டோனர் கார்ட்ரிட்ஜின் விலை ரூ. 3,000 என்றும், அது 1,500 பக்கம் அச்சிடும் என்றும் வைத்துக்கொள்வோம். பக்கத்திற்கு ரூ. 2 ஆகின்றது. எழுத்தை மாற்றியதால் கால் பங்கு மை மிஞ்சினால் பக்கத்திற்கு 50 காசு மிச்சம். 600 அங்கத்தினருக்கு ஆளுக்கொரு பக்க அறிவிப்பு அனுப்பினால் மிச்சம் ரூ. 300. ரூ. 80,000-க்கு ஆண்டுக்கு 7 சதவிகித வட்டி ரூ. 5,600. சங்கம் முந்நூறு மிச்சம் பிடிக்க, ஒரே அங்கத்தினர் ஐயாயிரத்து அறுநூறு இழக்கும் நிலை வந்தது. சங்கம் வேறு, அங்கத்தினர் வேறு அல்லவே! இது எவ்வகைச் சிக்கனம்?

அப்படியாயின், எழுத்துருவை மாற்றி மையைக் குறைக்கலாம் என்பதே பொய்யோ என ஐயம் எழலாம். பொய்யன்று, ஆனால் அளந்து கொள்ள வேண்டிய உண்மை. 2014-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரப் பள்ளி மாணவர் சுவீர் மிர்ச்சந்தானி செய்த ஆராய்ச்சி உலகின் கவனத்தைக் கவர்ந்தது. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்துகளைப் பல எழுத்துருக்களில் ஒப்பிட்டு, எதற்கு எவ்வளவு மை செல்கிறதென்று அவர் கணக்கிட்டார். எழுத்துகளைப் பெரிதாக்கி அட்டையில் வெட்டி, நிறுத்தும் சரிபார்த்தார். நூலை நிறுத்து வாங்கும் நெசவாளருக்கு இம்முறை எளிதில் விளங்கும். கரமாண்ட் என்னும் எழுத்துருவுக்கு மாறினால் தம் பகுதிப் பள்ளிகளில் 24 சதவிகித மை மிஞ்சும், ஆண்டுக்கு 21,000 டாலர் மிச்சமாகும் என்பது அவர் கண்ட முடிவு.

எழுத்துருக் கலைஞர்கள் உடனே ஒரு மறுப்பை எழுப்பினர். ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு ஒரு புள்ளி எனப்படும். ஆனால், 12 புள்ளி என்பது எழுத்து அமரும் கட்டத்தின் அளவேயன்றி எழுத்தின் அளவு அன்று. ஈய எழுத்துக் காலத்திலிருந்தே வழக்கம் இதுதான். கரமாண்ட் எழுத்துகள் அந்தக் கட்டத்திற்குள் சிறியனவாக அமைந்தவை. ஆகவே, மை குறைந்ததற்கு எழுத்துச் சிறுத்ததே பெருங்காரணம்; ஒத்த உயரத்திற்குப் பெரிதாக்கினால் மிச்சத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும் என்றனர்.

நெசவாளர் மொழியில் கூறுவோம். ஒரு வேட்டியில் நூலை மிச்சம் பிடிக்க இரு வழிகள் உண்டு. நூலின் நம்பரை உயர்த்தி மெல்லிய இழையால் நெய்யலாம். வேட்டி நிறை குறையும், நீளம் குறையாது. அல்லது நான்கு முழ வேட்டியை மூன்றரை முழத்தில் அறுத்துவிடலாம். அதிலும் நூல் மிஞ்சும். முன்னது தொழில் திறன். பின்னது அளவு குறைத்தல். எழுத்துருவிலும் இதே பேதம் உண்டு. கோட்டை மெல்லியதாக்குவது வேறு. எழுத்தையே சிறிதாக்குவது வேறு.

தமிழ் எழுத்துருக்களில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். விண்டோஸ் 2000-உடன் வந்த லதா உருவில் பெரியது, அகலமானது. விண்டோஸ் 7-உடன் வந்த விஜயா, அதே 12 புள்ளியில் அடித்தாலும் வெகு சிறியதாகத் தோன்றும். செயலாளர் அதையும் 10 புள்ளியாக்கினார். இரு முறை முழம் குறைத்தார். பின்னர் வந்த நிர்மலா யூஐ எழுத்துருவில் செமிலைட் என்ற மெல்லிய வகை உண்டு. அதில் எழுத்தின் உயரம் குறையாமல் கோடு மட்டும் மெலிகின்றது. இழை மெலிந்த நெசவு என்பது இதுவே.

வேறு முயற்சிகளும் நடந்துள்ளன. எழுத்தின் கோட்டுக்குள் சிறு துளைகள் இட்ட எக்கோஃபான்ட் என்னும் எழுத்துரு 2008-இல் நெதர்லாந்து நாட்டில் தோன்றியது. 2010-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகம், ஏரியல் எழுத்திலிருந்து மெல்லிய கோடுடைய செஞ்சுரி காத்திக் எழுத்துக்கு மாறிற்று. ஆனால், பின்னது அகலமான எழுத்தாதலால் பக்கம் கூடும் என்று அப்போதே சிலர் சுட்டினர். மை குறைந்து தாள் கூடினால் பயன் என்ன?

அச்சில் சிக்கனம் என்பது தமிழுக்குப் புதிய கருத்தன்று. 1935-இல் ‘குடி அரசு’ இதழில் பெரியார் சீர்திருத்த எழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். 1978-இல் தமிழ்நாடு அரசு அவற்றை ஏற்றது. றா, னை, லை போன்றவற்றிற்கு இருந்த தனி வடிவங்கள் நீங்கின. அச்சுக் கோப்பவரின் பெட்டியில் எழுத்துகள் குறைந்தன. படிக்கும் குழந்தைக்கும் சுமை குறைந்தது. அச்சகத்தின் மிச்சமும் வாசகரின் நலமும் அங்கு ஒரே திசையில் சென்றன. சங்கங்களும் அத்தகைய சிக்கனத்தையே நாட வேண்டும்.

அதற்குச் செய்ய வேண்டியவை சிலவே. முதலாவது, எழுத்துருக்களைப் புள்ளி எண்ணால் ஒப்பிடாமல், ஒரே அறிவிப்பை இரண்டிலும் அச்சிட்டு, எழுத்தின் உயரத்தை அளவுகோலால் சமப்படுத்திய பின் ஒப்பிடுக. இரண்டாவது, ஒரு கார்ட்ரிட்ஜ் எத்தனை பக்கம் வந்தது என்பதைச் சிறு நோட்டில் குறித்து வருக, ஊகம் வேண்டாம். மூன்றாவது, அலுவலகத்திற்குள் புழங்கும் நகல்களுக்கு டோனர் சேமிக்கும் முறையையும் தாளின் இரு பக்கங்களையும் பயன்படுத்துக. திரையிலேயே படித்துத் திருத்தக் கூடியதை அச்சிடவே வேண்டாம். எழுத்துருவை மாற்றுவதைவிட, வேண்டாத பக்கத்தை விடுப்பதில்தான் மிச்சம் மிகுதி. நான்காவது, அங்கத்தினர் கைக்குச் செல்லும் தாளில் தேதியும் தொகையும் பெரிய, தடித்த எழுத்தில் இருக்கட்டும். தேதியை எண்ணோடு எழுத்தாலும் எழுதுக. இறுதியாக, மொத்தமாக அச்சிடுமுன் ஒரு பிரதியை வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுக. அவர் தடங்கலின்றிப் படித்தால் அந்த எழுத்து சரியானது.

அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்திலேயே இவ்வாறு தீர்மானித்து, அறிவிப்புகளைப் பெரிய எழுத்துக்கு மாற்றிவிட்டது. முதியவரின் வட்டியைத் தள்ளும் அதிகாரம் சங்கத்திற்கும் இல்லை, நமக்கும் இல்லை. அவர் அதைக் கட்டிவிட்டு, ரசீதைக் கண்ணருகே கொண்டுபோய் ஒருமுறை படித்துப் பார்த்த பின்னரே மடியில் வைத்தார்.

உங்கள் சங்கத்திலிருந்து வரும் அடுத்த அறிவிப்பை நீங்களும் அவ்வாறே படித்துப் பாருங்கள். படிக்க இயலவில்லையெனில் பேரவையில் எழுந்து கூறுங்கள். அது உங்கள் உரிமை. சங்கத்திற்கும் அதுவே நன்மை.